தண்ணி கேன் மேல ஒரு 'த'

ஒரு வாக்கியம், நானே சொன்னது, ஒன்றரை வருஷம் ஆகியும் தொண்டைல சிக்கின முள்ளு மாதிரி உறுத்திட்டே இருக்கு. "அவனுக்கு ஏத்த மாதிரி கத்துக்குடுக்கணும்னா இந்த கிளாஸ் சரிப்படாது சார், அந்த தனி ரூம்தான் அவனுக்கு நல்லது." நான் டீச்சர், தனி ரூம்னா எங்க ஸ்கூலோட சிறப்புக் கல்வி ரூம். ரெண்டாம் கிளாஸ், ஏழு வயசுப் பையன், மொத்தமா பத்துப் பதினஞ்சு வார்த்தைக்கு மேல பேச மாட்டான். அவங்கப்பா எனக்கு எதிர்ல குழந்தைங்க உக்கார்ற குட்டி நாற்காலில முழங்காலை மடக்கி உக்காந்திருந்தாரு. என் கைல ஒரு பேப்பர், அதுல நாலு பாயின்ட்டு. ஒண்ணு, எல்லாரும் வட்டமா உக்காரும்போது இவன் உக்கார மாட்டேங்குறான். ரெண்டு, சத்தம் அதிகமானா காதைப் பொத்திட்டு கத்துறான். மூணு, மத்த பசங்க அடுக்கி வச்சதை கலைச்சு விட்டுடுறான். நாலு, கிளாஸ் பொருளை வீட்டுக்கு தூக்கிட்டுப் போயிடுறான். இந்த நாலாவதுக்கு ஆதாரமும் இருந்துச்சு, குழந்தைங்க விரலால தடவிப் பழகுறதுக்காக உப்புத்தாள்ல வெட்டின எழுத்துப் பெட்டில 'த' காணாம ரெண்டு வாரம் ஆச்சு.

அவரு பேப்பரை பொறுமையா படிச்சாரு. நாலாவது வரி வந்ததும், "அந்த எழுத்தா மிஸ், அது வீட்ல தண்ணி கேன் மேல இருக்கு, நாளைக்கு குடுத்து விடுறேன், சாரி மிஸ்"னாரு. நான் பரவால்ல சார்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். கடைசில அவரு சண்டை எல்லாம் போடல, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மிஸ்"னு சொல்லி கையெழுத்து போட்டுட்டு எந்திரிச்சுப் போனாரு. சண்டை போட்டிருந்தா நான் அன்னைக்கே மறந்திருப்பேன்.

இதுல என்னைக் குடையுற விஷயம் என்னன்னா, நான் பொய் சொல்லல. எங்களது மனப்பாடம், பிரம்பு, ரேங்க் கார்டு டைப் ஸ்கூல் கிடையாது. செயல்வழிக் கல்வி, தரைல பாய், குழந்தை தானா எடுத்துச் செய்யுற அலமாரி, "ஒவ்வொரு குழந்தையும் தனி"ன்னு சுவர்ல எழுதிப் போட்டிருக்கிற இடம். அந்தப் பையனை வெளிய அனுப்புனதும் இதே மொழியாலதான். படிக்காதவன், மக்குன்னு யாரும் சொல்லல, 'அவன் தேவைக்கு ஏத்த மாதிரி'ன்னு சொன்னோம். பழைய பள்ளிக்கூடம்தான் பசங்களை ஒதுக்கும், முற்போக்குப் பள்ளி எல்லாரையும் சேர்த்துக்கும், அதோட வளர்ச்சிதான் இன்னைக்குப் பேசுற, எல்லாப் பிள்ளைங்களையும் ஒரே வகுப்புல சேர்த்துக்குற உள்ளடக்கிய கல்வின்னு பயிற்சில சொல்லிக்குடுத்தாங்க, நானும் நம்பிட்டிருந்தேன். அந்த மீட்டிங்குக்கு அப்பறம் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க அந்தக் கதை அவ்ளோ நேரா இல்லன்னு தெரிஞ்சுது.

கிரேடு வந்த கதை

முதல்ல ஒரு எளிமையான விஷயம். 'கிளாஸுக்கு ஒத்துவராத பையன்'னு ஒருத்தன் இருக்கணும்னா, முதல்ல கிளாஸ்னு ஒண்ணு இருக்கணும். ஒரே வயசு, ஒரே புத்தகம், ஒரு ரூம், ஒரு டீச்சர்னு பிரிச்சு வைக்கிற ஏற்பாடு ஒண்ணும் ஆதிகாலத்துது இல்ல. அமெரிக்காவுல அதுக்கு முன்மாதிரின்னு எல்லாரும் சொல்றது பாஸ்டன்ல 1847-ல கட்டின குவின்சி பள்ளி. அதுக்கு முன்னாடி கிராமத்துப் பள்ளின்னா ஒரே ரூம்தான், ஆறு வயசும் பதினாலு வயசும் ஒண்ணா உக்காந்திருக்கும், எழுத்து வராத பையன் ஒரு பக்கம் கிடப்பான், அவனை யாரும் பெருசா கண்டுக்கல, ஆனா யாரும் கணக்கெடுத்து வெளிய தள்ளவும் இல்ல (ஒரே ரூம் பள்ளியை சொர்க்கமா காட்டுற ஆசை எனக்கு இல்ல, அடி உதை அங்கயும் தாராளமாத்தான் இருந்துச்சு). அப்பறம் கட்டாயக் கல்விச் சட்டம் வந்து எல்லாப் பிள்ளைங்களும் உள்ள வர, வயசு வாரியா பிரிச்ச ரூம்கள்ல பொருந்தாதவங்க குவிய ஆரம்பிச்சாங்க.

இங்கதான் எலிசபெத் ஃபேரல்னு ஒரு டீச்சர் வர்றாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போன ஆளு. கிராமத்துல கிரேடு, அதாவது வயசு வாரி வகுப்பு, பிரிக்காத பள்ளில கத்துக்குடுத்த அனுபவத்தோட நியூயார்க் வந்தாங்க, 1899-ல ஹென்றி தெருவுல வந்தேறிகள் நெருக்கி வாழ்ந்த பகுதிப் பள்ளில, வேற எந்த கிளாஸும் வேணாம்னு தள்ளின பசங்களைச் சேர்த்து ஒரு வகுப்பு ஆரம்பிச்சாங்க. வேற வேற வயசு, வேற வேற பிரச்சனை, பாதிப் பேர் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு தெருவுல திரிஞ்சவங்க. பாடப்புத்தகத்துக்குப் பதிலா தகர டப்பா, மரத்துண்டு, பெயின்ட், கைவேலைக் கருவிகள். தெருவுல கைவேலை பார்த்து பழகின பையனுக்கு அந்தக் கைலேர்ந்தே பாடம் ஆரம்பிக்கட்டும்னு நினைச்சாங்க. அதுக்குப் பேரே 'கிரேடு இல்லாத வகுப்பு'. பேருலயே ஒரு கேலி இருக்குன்னு எனக்குத் தோணும், உங்க கிரேடுதான் பிரச்சனை, பையன் இல்லன்னு சொல்ற மாதிரி.

ஆனா அது போன வழியப் பாருங்க. ஏழே வருஷத்துல, 1906-ல நகரக் கல்வித் துறைல அதுக்குன்னே ஒரு தனிப் பிரிவு, ஃபேரல்தான் பொறுப்பு. வகுப்பு பல மடங்கு பெருகுச்சு, யாரை அங்க அனுப்பணும்னு பரிசோதனை வந்துச்சு. 'கிரேடு இல்லாத'ன்ற சொல்லு கொஞ்ச கொஞ்சமா 'மத்தவங்களோட சேராத'ன்னு ஆகிப்போச்சு. சிறப்புக் கல்வின்னு நாம இன்னைக்குச் சொல்ற தனி உலகத்தோட நிலைப்படி அந்த தகர டப்பா ரூம்தான். நல்ல மனசோட, நல்ல முறையோட ஒருத்தர் திறந்து வச்ச கதவு, அதுவழியா மத்தவங்க வசதியா ஆளை அனுப்பிக்கிட்டே இருந்தாங்க.

அந்தப் பரிசோதனைக் கதையும் அப்படித்தான். ஆல்ஃபிரெட் பினேங்கிற உளவியலாளர் 1905-ல பாரிஸ்ல புத்தியை அளக்குற தன்னோட அளவுகோலை வெளியிட்டது, வகுப்புல திணறுற குழந்தைங்களை டீச்சரோட எரிச்சலை மட்டும் நம்பி ஒதுக்கக் கூடாது, ஒழுங்கா பாத்துட்டு உதவணும்னுதான். புத்தி பொறந்தப்பவே முடிவாகி நின்னுபோச்சுன்றது கொடூரமான அவநம்பிக்கைன்னு 1909-ல அவரே கோபமா எழுதினாரு. 1911-ல செத்துப்போயிட்டாரு. அப்பறம் அந்த அளவுகோல் அமெரிக்கா போய், 1916-ல லூயிஸ் டெர்மன்ங்கிற உளவியலாளர் கைல ஐக்யூன்னு ஒரு நம்பரா மாறி, பிள்ளைங்களை வரிசைல நிறுத்துற கருவி ஆகிடுச்சு. 1922-ல ஜான் டூயிங்கிற கல்விச் சிந்தனையாளர் இதை எதிர்த்து ரெண்டு கட்டுரை எழுதினாரு, ஒரு மனுஷனை இன்னொரு மனுஷனோட ஒரே தராசுல நிறுக்க முடியாது, சமத்துவம்னா அதுதான்னு. கட்டுரை கட்டுரையா இருந்துச்சு, பள்ளிக்கூடங்க டெஸ்ட்டு பேப்பரைத்தான் வாங்குச்சு.

ஜெனீவால எடுவார் கிளாபரேட்னு ஒரு உளவியலாளர், 1920-ல 'அளவெடுத்து தைச்ச பள்ளி'ன்னு எழுதினாரு. தையல்காரர் ஆளோட உடம்பைப் பாத்துத்தான சட்டை தைக்கிறாரு, பள்ளிக்கூடம் மட்டும் ஏன் எல்லா மண்டைக்கும் ஒரே சைஸ்னு கேட்டாரு. படிச்சப்ப எழுந்து நின்னு கைதட்டணும் போல இருந்துச்சு. அப்பறம் பாத்தா அவரு அலசுற வழிகள்ல ஒண்ணு, வேகமா படிக்கிறவங்களுக்கும் மெதுவா படிக்கிறவங்களுக்கும் பக்கத்து பக்கத்துல தனித்தனி வகுப்பு. அட. நான் அந்த குட்டி நாற்காலி அப்பாகிட்ட சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான.

பால் கேட்ட பையன்

ஒருநாள் ராத்திரி படிச்சது மட்டும் வேற மாதிரி ஆகிடுச்சு. பிரான்ஸ்ல 1800-ல காட்டுலேர்ந்து வந்த ஒரு பையன், பதினொண்ணு பன்னெண்டு வயசு இருக்கும், பேச்சு கிடையாது, உடுப்பு கிடையாது. பாரிஸுக்குக் கொண்டு வந்தாங்க. பெரிய டாக்டருங்க பாத்துட்டு இது தேறாத கேஸுன்னாங்க. அப்ப 'இடியட்'டுங்கிறது திட்டு இல்ல, டாக்டர் எழுதுற நோயோட பேரு. காது கேளாதவங்க நிறுவனத்துல இருந்த ழான் இட்டார்ங்கிற இளம் டாக்டர் மட்டும் இவனுக்குக் கத்துக்குடுக்க முடியும்னு எடுத்துக்கிட்டாரு, விக்டர்னு பேர் வச்சாரு. வீட்டுல அவனைப் பாத்துக்கிட்டது கெரான்னு ஒரு அம்மா, டாக்டர் பேர் வரலாற்றுல நிக்குது, சோறு போட்ட அம்மா பேர் அடிக்குறிப்புல நிக்குது, அது எப்பவும் உள்ள கதைதான்.

இட்டார் அட்டைலயும் உலோகத்துலயும் எழுத்துகளை செஞ்சு விக்டருக்குப் பழக்கினாரு. பிரெஞ்சுல பாலுக்கு நாலு எழுத்து. அந்த நாலையும் வரிசையா வச்சா பால்னு பழகிக்கிட்டான். ஒரு எட்டு நாள் கழிச்சு சாயங்காலம் கெரான் அம்மாவோட வெளிய கிளம்பும்போது, யாரும் சொல்லாம, அந்த நாலு எழுத்தையும் எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கிட்டான். வழக்கமா பால் குடிக்கிற ஒரு வீடு இருக்கு, அங்க போய்ச் சேர்ந்ததும் எழுத்தை எடுத்து மேசைல அடுக்கினான். இட்டாரோட 1801 அறிக்கைல இது இருக்கு.

நான் லேப்டாப்பை மூடிட்டேன்.

'த' எழுத்தை நான் நடத்தினப்ப காட்டின படம் தண்ணி. த, தண்ணின்னு சொல்லிச் சொல்லி அந்த உப்புத்தாள் மேல அவன் விரலைப் பிடிச்சு இழுத்தது நான்தான். அவன் அந்த எழுத்தைக் கொண்டுபோய் வீட்டுல சோஃபா மேல போடல, பொம்மைக்கூடைல போடல, தண்ணி கேன் மேல வச்சிருக்கான். ரெண்டு வாரமா அது அங்கயே இருந்திருக்கு. அவங்கப்பா அதை என்கிட்டயே சொல்லவும் செஞ்சாரு. எழுத்துக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தம் அவனுக்குப் பிடிபட்டிருக்கு, அதை அவன் எனக்கு எந்த டெஸ்ட்டும் காட்ட முடியாத அளவுக்கு தெளிவா காட்டியிருக்கான், நான் அதை நாலாவது பாயின்ட்டா திருட்டுக் கணக்குல எழுதி வச்சிருந்தேன்.

1907

அந்த உப்புத்தாள் எழுத்துக்கும் ஒரு வம்சாவளி இருக்கு, அதைச் சொல்லாம இதை முடிக்க முடியாது. இட்டார்கிட்ட கத்துக்கிட்டவர் எடுவார் செகேன். மனவளர்ச்சி குன்றிய குழந்தைங்களுக்குக் கை, கண், காது வழியா படிப்படியா போற ஒரு முறையை உருவாக்கினவர், அப்பறம் அமெரிக்காவுல குடியேறிட்டாரு. இவங்க ரெண்டு பேரோட எழுத்தையும் பல வருஷம் கழிச்சு ரோம்ல ஒரு இளம் டாக்டரம்மா தேடிப் பிடிச்சு, மடத்து சாமியாருங்க அந்தக் காலத்துல ஏடு எழுதின மாதிரி முழுசா இத்தாலியன்ல கையாலயே எழுதி எடுத்தாங்க, ஒவ்வொரு வார்த்தையோட கனமும் தெரியணும்னு. மரியா மாண்டிசோரி. மனநல விடுதிங்கள்ல பெரியவங்களோட அடைச்சு வச்சிருந்த குழந்தைங்களைப் பாத்துதான் அவங்க இந்தப் பக்கமே வந்தாங்க. 1900-ல ரோம்ல இந்தக் குழந்தைங்களுக்கு ஆசிரியர்களை தயார் பண்ற பள்ளி ஒண்ணை இன்னொரு டாக்டரோட சேர்ந்து நடத்தினாங்க. பகல் முழுக்க பாடம் நடத்திட்டு, ராத்திரி உக்காந்து குறிப்பு எழுதுவாங்களாம். அழகான மர எழுத்துகள் செய்ய வச்சாங்க, உயிரெழுத்து சிவப்பு, மெய்யெழுத்து நீலம். சில குழந்தைங்க மத்த பள்ளிப் பிள்ளைங்களோட சேர்ந்து பொதுப் பரீட்சையும் எழுதி பாஸ் பண்ணிட்டாங்க.

ஊரே ஆச்சரியப்பட்டப்ப அவங்க மனசுல ஓடின கேள்வி வேற. இந்தக் குழந்தைங்க இவ்ளோ வந்தது அதிசயம் இல்ல, சாதாரணப் பள்ளில நல்லா இருக்கிற பிள்ளைங்களை எது இவ்ளோ கீழ அமுக்கி வச்சிருக்கு? இந்தக் கேள்வியோட 1901-ல அந்தப் பள்ளியை விட்டு வெளிய வந்துட்டாங்க, மறுபடி பல்கலைக்கழகத்துல சேர்ந்து படிச்சாங்க. 1907 ஜனவரி 6, ரோம்ல சான் லொரென்சோங்கிற ஏழைப் பகுதில முதல் குழந்தைகள் இல்லம். அதுக்கு இடம் கிடைச்ச காரணம் பெரிய தத்துவம் எல்லாம் இல்ல, புதுசா சீர்படுத்தின குடியிருப்புல அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பிள்ளைங்க சுவரைக் கிறுக்கி படியை உடைக்குதுங்க, யாராவது பாத்துக்கிட்டா போதும்னு கட்டட நிர்வாகத்துக்கு இருந்த கவலை. அந்த மர எழுத்தை மறுபடி செய்ய வழி அமையல, அதனால தாள்லயும் உப்புத்தாள்லயும் வெட்டிக்கிட்டாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க விலைக்கு விக்கிற அந்த எழுத்துப் பெட்டி வசதி இல்லாததால பொறந்தது.

நான் இந்த இடத்துலதான் ரொம்ப நாள் நின்னேன். அதே 1907-ல பிரஸ்ஸல்ஸ்ல ஓவிட் டெக்ரோலிங்கிற இன்னொரு டாக்டரும் இதே திருப்பம் திரும்புறாரு, 1901-லேர்ந்து தன் குடும்பத்தோடயே வச்சு இந்த மாதிரி குழந்தைங்களுக்குப் பள்ளி நடத்தினவர், இப்ப 'சாதாரண' குழந்தைங்களுக்கு தனியா இன்னொரு பள்ளி திறக்கிறாரு. ரெண்டு பேரும் முறையைக் கொண்டு வந்தாங்க. முறை யார்கிட்டேர்ந்து வந்துச்சோ அந்தக் குழந்தைங்களைக் கூட்டிட்டு வரல. விளையாட்டு வழி கற்றல், புலன் பயிற்சி, ஆர்வத்துலேர்ந்து பாடம்னு முற்போக்குக் கல்வில நாம ஆசையா சொல்ற பாதி விஷயம் விடுதித் தரைல உக்காந்திருந்த பிள்ளைங்ககிட்ட முதல்ல செஞ்சு பாத்தது, அப்பறம் அது மேல மேல போய் பல இடத்துல காசு உள்ளவங்க வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற பள்ளி ஆகிடுச்சு. மாண்டிசோரியைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க இல்லன்னா என் அலமாரியே கிடையாது. ஆனா எங்க ஸ்கூல்லயே கிண்டர்கார்டன் ரூம்ல ஒரு உப்புத்தாள் பெட்டி, ஸ்பெஷல் ரூம்ல அதே கம்பெனியோட அதே உப்புத்தாள் பெட்டி, நடுவுல ஒரு சுவர், இதை நான் பதினோரு வருஷமா பாத்திருக்கேன், ஒருநாளும் விசித்திரமா தோணல.

சுவர் இடிஞ்ச இடம்

அந்த சுவரை முதல்ல ஒரு நாடு முழுக்க இடிச்சதும் இத்தாலிதான். சான் லொரென்சோவுக்கு அப்பறம் எழுபது வருஷம், 1977-ல 517-ஆம் எண் சட்டம், பள்ளிக்கூடத்துக்குள்ள இருந்த தனி வகுப்புகளை எடுத்துட்டு இந்தப் பிள்ளைங்களை பொது வகுப்புல சேர்த்தாங்க, அப்படி ஒரு குழந்தை இருக்கிற வகுப்புல 20 பேருக்கு மேல கூடாது, கூட ஒரு துணை ஆசிரியர். அதுக்கு அடுத்த வருஷம் மனநல விடுதிகளை மூடுற சட்டம் வந்துச்சு. ரெண்டும் ஒரே மூச்சுல வந்தது தற்செயல்னு எனக்குத் தோணல. பத்து வருஷம் முன்னாடியே, 1967-ல, பார்பியானாங்கிற மலையூர்ல ஒரு பாதிரியார்கிட்ட படிச்ச எட்டு பசங்க சேர்ந்து ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தாங்க, நல்லா இருக்கிறவனுக்கு வைத்தியம் பாத்துட்டு நோயாளியைத் துரத்துற ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு உங்க ஸ்கூல்னு. கல்வியாளர் யாரும் அவ்ளோ நறுக்குன்னு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல.

அமெரிக்காவுல இந்தப் பிள்ளைங்களுக்கும் பொதுக் கல்வி உரிமைன்னு 1975 சட்டம் வந்ததுக்கும் பின்னாடி கோர்ட்டு படியேறின பெத்தவங்க இருந்தாங்க. அதாவது உரிமை வந்தது கோர்ட்டுலேர்ந்தும் தெருவுலேர்ந்தும், முறை வந்தது டாக்டருங்க, டீச்சருங்ககிட்டேர்ந்து. ரெண்டும் 1994-ல ஸ்பெயின்ல சலமன்கா ஊர்ல நடந்த சிறப்புக் கல்வி மாநாட்டுல ஒண்ணா உக்காந்துச்சு, 92 அரசுகள் வந்திருந்த மாநாடு. அந்த அறிக்கைல நான் பல தடவை படிச்ச வரி ஒண்ணு, சிறப்புத் தேவை உள்ளவங்க பொதுப் பள்ளிக்கே வரணும், அந்தப் பள்ளி குழந்தை மையக் கல்விமுறையால அவங்களுக்கு இடம் குடுக்கணும்னு போகுது. குழந்தை மையம்ங்கிற அதே சொல்லு. நான் அந்த அப்பாவை அனுப்பி வைக்க பயன்படுத்தின அதே சொல்லை இங்க கதவைத் திறக்கிறதுக்கு வச்சிருக்காங்க.

இதே அறிக்கை, காது கேளாத குழந்தைங்களுக்கு மொழித் தேவை வேற, தனிப் பள்ளியோ தனிப் பிரிவோ சில சமயம் பொருத்தமா இருக்கலாம்னும் சொல்லுது. அதனால தனி ரூம்னாலே பாவம்னு நான் கத்த வரல. சைகை மொழி பேசுற நாலு பேர் கூட இருக்கிறது ஒரு பிள்ளைக்கு வீடு மாதிரி. எங்க ஸ்பெஷல் ரூம் டீச்சர் எங்க ஸ்கூல்லயே பொறுமையான ஆளு, அவங்ககிட்டதான் நான் இப்பவும் போய் கேட்டுக்குறேன். ஆனா அன்னைக்கு நான் அவனை அனுப்பினது அவனுக்கு ஒரு மொழி வேணும்னு இல்ல. 32 பேர் இருக்கிற ரூம்ல எனக்கு மூச்சு முட்டுச்சு. அதை நேரா சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதனால அவன் நலனை முன்னாடி வச்சுட்டேன். "எனக்கு இன்னொரு ஆள் வேணும்"னு நிர்வாகத்துகிட்ட சொல்ல வேண்டிய வாக்கியத்தை "இவனுக்கு இன்னொரு ரூம் வேணும்"னு அவங்கப்பாகிட்ட சொல்லியிருக்கேன்.

இப்ப என்ன ஆச்சுன்னு கேட்டா, பெருசா ஒண்ணும் ஆகல. நிர்வாகத்துகிட்ட இந்தக் கதை எல்லாம் சொன்னேன், "நல்லா படிச்சிருக்கீங்க மிஸ்"னாங்க. இன்னொரு ஆள் கிடைக்கல, காலைல ரெண்டு மணி நேரம் ஸ்பெஷல் டீச்சரே அவனோட எங்க ரூமுக்கு வந்து உக்கார்றாங்க, அதுக்கே நாலு மாசம் ஆச்சு. அவங்கப்பாகிட்ட போன் பண்ணி அந்த 'த' பத்தி சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம், "அது எனக்கு அப்பவே தெரியும் மிஸ், அதான் கேன் மேலேர்ந்து எடுக்காம வச்சிருந்தேன்"னாரு.

போன வாரம் அடுத்த மீட்டிங்குக்கு பேப்பர் தயார் பண்ணேன். வட்டத்துல இன்னும் உக்கார மாட்டேங்குறான். சத்தத்துக்கு இன்னும் காதைப் பொத்திக்கிறான். கலைச்சு விடுறதும் நிக்கல, நேத்துகூட ஒரு பொண்ணு அழுதுச்சு. நாலாவது வரியை மட்டும் அடிச்சுட்டேன், மூணு அப்படியேதான் இருக்கு.